நன்னடத்தைக் கட்டளையும் நாதியற்ற தோட்டத் தொழிலாளியும்

"போகலைங்கய்யா."

ஒரே ஒரு சொல். மலைநாட்டு நீதவான் மன்றொன்றின் கூண்டிலே, சென்ற ஆண்டில் ஒரு திங்கட்கிழமை முற்பகலில், இருபத்துநான்கு வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவன் கைகூப்பி நின்று உரைத்த சொல் அது. அந்த ஒரு சொல்லுக்காக அவன் சிறை சென்றான். அவனுக்காகப் பேச அங்கே ஒருவரும் எழவில்லை. நானும் அங்கிருந்தேன். வேறொருவருடைய காணி வழக்குக்காகச் சென்று, சட்டத்தரணிகளின் மேசையருகே அமர்ந்து, வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நானும் எழவில்லை. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இனி நான் பிறர்மீது சுமத்தப்போகும் பழிகளுள் எனக்குரிய பங்கும் உண்டென்பதை வாசகர் அறிந்திருத்தல் நன்று.

நடந்தது இதுதான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இளைஞர்க்கிடையே நேர்ந்த கைகலப்பிலே சிறுகாயம் விளைவித்தான் என்று அவன்மீது ஒன்றரை ஆண்டுக்கு முன்னர் வழக்குத் தொடரப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டான். முன்குற்றம் யாதும் இல்லாதவன் ஆதலின், மன்று அவனைச் சிறைக்கு அனுப்பாது இரண்டாண்டு நன்னடத்தைக் கட்டளையின்கீழ் விடுத்தது. மாதந்தோறும் நன்னடத்தை உத்தியோகத்தர் முன் தோன்றுதல் வேண்டும். அறிவியாது வதிவிடம் மாற்றுதல் கூடாது. ஏழு மாதம் தவறாது சென்றான். அதன்பின் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாளே வேலை கொடுத்தார்கள். தாய் நோயாளி, தங்கை பள்ளிச் சிறுமி. கொழும்பில் ஒரு கடைக்குச் சிப்பந்தியாகப் போய்விட்டான். மூன்று தவணை தவறின. அவன் பெயருக்கு அனுப்பப்பட்ட அறிவித்தல் தோட்டக் காரியாலயத்து மேசையிலேயே கிடந்தது. அழைப்பாணைக்கும் ஆள் வரவில்லை. ஆகவே பிடியாணை பிறந்தது. தைப்பொங்கலுக்கு ஊர் திரும்பியவனைப் பஸ் நிலையத்திலேயே பொலிசார் பிடித்துக்கொண்டார்கள்.

மன்றின் நடவடிக்கை முழுவதும் சிங்களத்தில் நடந்தது. அரைப் பக்கத்துக்கு இருந்த உத்தியோகத்தரின் அறிக்கையை உரைபெயர்ப்பாளர் மூன்று நான்கு சொற்களில் முடித்துவிட்டார்: "சைன் வைக்கப் போகலையா நீ?" அவன் மேலே கூறிய விடையைச் சொன்னான். 'நிபந்தனையை மீறியதை எதிரி ஒப்புக்கொள்கிறார்' என்று பதிவாயிற்று. நன்னடத்தைக் கட்டளை நீக்கப்பட்டது. மூலக் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மன்றின் சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடங்கூடக் கழியவில்லை. ஏன் போகவில்லை என்று அவனை எவரும் கேட்கவில்லை. அந்த 'ஏன்' என்ற வினாவை மன்றிலே எழுப்புதற்காகவே, ஐயன்மீர், சட்டத்தரணி என்றொரு தொழில் உலகில் உண்டாயிற்று!

வெளியே படிக்கட்டில் நின்ற அவன் தாய் என் கறுப்பு அங்கியைக் கண்டு அருகில் வந்தாள். "ஐயா, புள்ள இப்ப என்னா தப்புங்க செஞ்சிச்சு?" என்றாள். எழுத்தறியாத அந்த மூதாட்டி கேட்டது சட்டப்படி முற்றிலும் சரியான கேள்வி. அவன் 'இப்போது' செய்த குற்றம் யாது? தொழில் தேடிப் போனதா? கடிதம் கைக்கு எட்டாததா? இருபதாண்டு காலம் இத்தொழிலில் இருந்த எனக்கு விடை கூற வாய் வரவில்லை. பின்னர் மாகாண மேல் நீதிமன்றிலே மீளாய்வு மனுவொன்றைத் தாக்கல் செய்தேன். உறுதிப்படுத்திய பிரதிகள் கைக்கு வரவும், மனு ஆதரித்துப் பேசப்படவும், அவன் மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே கழித்துவிட்டான். மன்று அவனை விடுவித்தது உண்மையே. போன மூன்று மாதத்தை எந்த மன்றும் திருப்பித் தராது.

கருணையா, கண்ணியா?

நன்னடத்தை முறை தீயதென்று நான் கூறவரவில்லை. அதன் பிறப்பே ஒரு சாதாரண குடிமகனின் கைகளில் நிகழ்ந்தது. 1841இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே ஜோன் ஓகஸ்டஸ் என்ற பாதணி செய்பவர், குடிப்பழக்கத்தால் கூண்டேறிய ஒருவனுக்குத் தானே பிணை நின்று, சில வாரங்களில் அவனைத் திருந்திய மனிதனாக மன்றின்முன் கொண்டுவந்து நிறுத்தினார். ஓகஸ்டஸ் பட்டம் பெற்றவரல்லர், உத்தியோகத்தரும் அல்லர். அவர் தொடக்கிய வழியைப் பின்னர் சட்டங்கள் பற்றிக்கொண்டன. இங்கிலாந்து 1907இல் சட்டம் இயற்றியபோது, நன்னடத்தை உத்தியோகத்தரின் கடமை குற்றவாளிக்கு அறிவுரை கூறுதலும் உதவி செய்தலும் நண்பனாய் இருத்தலும் என்று எழுதிற்று. இலங்கைக்கு 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக அது வந்தது. 1956இல் அதற்கெனத் திணைக்களமும் உண்டாயிற்று. நிபந்தனைகளைக் குற்றவாளிக்கு விளக்கி, அவற்றுக்கு அமைய அவன் இணங்கிய பின்னரே கட்டளை பிறப்பித்தல் வேண்டும் என்பது இம்முறையின் அடித்தளம். இணக்கம் இன்றேல் அது நன்னடத்தையன்று. கயிற்றை நீட்டிக் கட்டிய சிறை.

இப்போது தோட்டத்துக்கு வருக. விளங்காத மொழியில் வாசிக்கப்பட்ட நிபந்தனைக்குத் தலையசைப்பவன் இணங்கினவன் ஆவனோ? 'இன்று வீட்டுக்குப் போகலாம்' என்ற ஒன்றே அவனுக்கு விளங்குகிறது. அதற்கு எவன்தான் தலையசைக்கமாட்டான்? அவ்வாறு தலையசைத்து வெளியே வந்தவன் சுமந்து வரும் நிபந்தனைகள் யாருக்காக வகுக்கப்பட்டவை என்று பாருங்கள். கதவிலக்கமும் தெருப்பெயரும் உள்ள வீட்டில் வாழ்பவனுக்கு. மாதச் சம்பளம் பெறுபவனுக்கு. அரை நாள் விடுப்பு எடுத்தால் அடுப்பு அணையாதவனுக்கு. நகரத்து எழுதுவினைஞனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கொழுந்துக் கூடை சுமப்பவனுக்கு மாட்டிவிட்டு, தோளில் கிழிந்துவிட்டதே என்று அவனையே தண்டிக்கிறோம்.

வதிவிடம் என்கிறார்கள். லயத்துக் காம்பராவுக்கு முகவரி ஏது? தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் உண்டு. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பெரும்பாலான தோட்டங்களில் கடிதம் தொழிலாளியின் வாசலுக்கு வருவதில்லை, காரியாலயத்துக்கே வருகிறது. அங்கிருந்து கணக்கப்பிள்ளை வழியாகவோ, அந்தப் பக்கம் போகும் யாரோ ஒருவர் வழியாகவோ இறங்கி வரவேண்டும். வங்கிக் கடிதம் பிந்தினால் வட்டி ஏறும். வேலைக்கான நேர்முகக் கடிதம் பிந்தினால் வேலை போகும். இவற்றை மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருக்கின்றனர். மன்றின் அழைப்பாணை பிந்தினாலோ, பொறுப்பதற்கு இடமில்லை, பொலிஸ் வருகிறது. 1823 தொடங்கி இருநூறு ஆண்டு நிறைவை 2023இல் மேடை போட்டுக் கொண்டாடினோம். மேளம் கொட்டினோம், மலர் வெளியிட்டோம். இருநூறு ஆண்டு ஒரே மண்ணில் உழைத்தவனுக்கு அவன் பெயருக்கு ஒரு கடிதம் நேரே வந்து சேரும் வழி செய்யப்படவில்லை!

அடுத்தது நாள். நன்னடத்தை உத்தியோகத்தரின் அலுவலகம் திறந்திருக்கும் வேளையும் பிரட்டுக் களத்தில் பேர் போடும் வேளையும் ஒன்றே. பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து நிறுத்துக் கொடுத்தாலன்றி முழுப்பேர் கிடையாது, குறைந்தால் அரைப்பேர். 2024இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,350 ரூபாவாகவும், பின்னர் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபாவாகவும் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளத்துக்காக இம்மக்கள் எத்தனை ஆண்டு தெருவில் நின்றார்கள் என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள் கையொப்பமிடப் போவதென்றால் அந்த நாட்சம்பளமும் போயிற்று. அக்கரப்பத்தனையின் மேற்பிரிவிலிருந்தோ டயகமவிலிருந்தோ பஸ் ஏறி இறங்கும் கூலியும் போயிற்று. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் நாளே போயிற்று. எழுதுவினைஞன் தவறினால் அசட்டை. கூலியாள் தவறினால், நூற்றுக்குத் தொண்ணூறு, வயிறு.

தலைக்குமேல் தொங்கும் தண்டனை

இதனினும் கொடியது வேறொன்று உண்டு. நன்னடத்தைக் கட்டளைகள் பெரும்பாலும் இளையோர்க்கும் முதற்குற்றவாளிகட்கும் வழங்கப்படுவன. வளர்ந்த தொழிலாளிக்கு மன்றிலே அதிகமாய்க் கிடைப்பது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. இரண்டாண்டுக்கு மேற்படாத சிறையை விதித்து, அதனை ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ தொங்கவிடுகிறார்கள். அக்காலத்துள் சிறைத்தண்டனைக்குரிய வேறொரு குற்றத்தைச் செய்தானாயின், தொங்கிய வாள் விழலாம். இந்தப் பொறுப்பைத் திறந்த மன்றில் எதிரிக்கு விளக்க வேண்டும் என்பது சட்டம். விளக்கப்படுகிறது, ஐயமில்லை, எந்த மொழியில், எத்தனை நொடியில் என்பதே வினா.

அப்பால் நடப்பதைக் கேளுங்கள். மூன்றாண்டு கழித்து அதே மனிதன் வீட்டில் ஒரு போத்தல் கசிப்பு இருந்ததாக 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்படுகிறான். அது அவனுடையதாக இருக்கலாம், மைத்துனன் வைத்ததாகவும் இருக்கலாம், வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். மன்றின் வாயிலில் நிற்கும் தரகன் உபதேசிக்கிறான்: "ஒத்துக்கிட்டா தண்டம் கட்டிட்டுப் போயிரலாம். வழக்குப் பேசினா ஆறு தவணை அலையணும்." ஆறு தவணை என்றால் ஆறு பேர் போயிற்று. ஆகவே ஒப்புக்கொள்கிறான். தண்டமும் கட்டுகிறான். அப்போதுதான் பழைய கோவை திறக்கிறது! தான் ஒப்புக்கொண்டது தண்டத்தை மட்டுமன்று, மூன்றாண்டுக்கு முன் மறந்துபோன சிறையையும் சேர்த்தே என்பது கைவிலங்கு பூட்டப்படும்போது அவனுக்கு விளங்குகிறது. ஒரு சட்டத்தரணி அருகில் நின்றிருந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "உன்மீது முன்பு ஏதாவது தொங்குகிறதா?" என்பதன்றோ? இதைக் கேட்க அறிவு வேண்டியதில்லை. ஆள் வேண்டும், அவ்வளவே.

தண்டங் கட்ட இயலாதார் கதை தனிக் கதை. இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுச் செல்வோரிற் பெருந்தொகையினர் தண்டப்பணம் செலுத்த முடியாதவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன. தவணையாகச் செலுத்தச் சட்டத்தில் இடமுண்டு. கேட்பவர் இருந்தால் கிடைக்கும்.

ஆள் வராமைக்குச் சிறை என்பது தோட்டத்துக்குப் புதிதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய கூலி குற்றவாளி. அவன் இடம் சிறை. குடியியல் வழக்காக இருக்க வேண்டியது தோட்டத்துக் கூலிக்குக் குற்றவியல் வழக்காயிற்று. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சட்டம் போயிற்று, அதன் கண் போகவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தவனை ஓடிப்போனவனாகவே காணும் அந்தக் கண், இன்று வேறு கோவையினூடே அவனைப் பார்க்கிறது.

இயலாமை மீறலன்று

சட்டம் நம் பக்கம் இல்லையோ என்று ஐயுறுவோர்க்குச் சொல்கிறேன்: இருக்கிறது. எடுத்துப் பேசத்தான் நாவில்லை.

1950இல் இலண்டன் கோமறைக் கழகத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. எதிரியின் பெயர் செல்வநாயகம். தந்தை செல்வா அல்லர். கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் லயத்துக் காம்பராவில் வாழ்ந்த ஒரு தொழிலாளி. வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்தும் வெளியேறாதிருந்தான் என்பது அவன்மீது குற்றம். குற்றவியல் அத்துமீறல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். உரிமையாளனுக்குத் தொல்லையாகும் என்று அறிந்திருந்தான் என்பது மட்டும் போதாது, தொல்லை கொடுப்பதே அவனுடைய முதன்மையான எண்ணம் என்று காட்டப்படல் வேண்டும் என்று கழகம் தீர்த்தது. குடியிருந்த இடத்தில் தொடர்ந்து குடியிருக்கவே அவன் எண்ணினான். ஆகவே குற்றம் நிலைக்கவில்லை. நமது சட்டக் கல்லூரியில் ஒவ்வொரு மாணவனும் படிக்கும் இத்தீர்ப்பு ஒரு தோட்டத் தொழிலாளியின் காம்பராவிலிருந்து பிறந்தது என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? செயலை மட்டும் பாராதே, செய்தவன் எண்ணத்தைப் பார் என்ற அந்நியாயம் வீட்டை விட்டுப் போகாதவனுக்குப் பொருந்துமாயின், அலுவலகத்துக்குப் போகாதவனுக்கு ஏன் பொருந்தலாகாது? போகக்கூடாதென்று போகாதவன் வேறு. போக இயலாமற் போகாதவன் வேறு. இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் தராசு பழுதானது.

இதனை அமெரிக்க நாட்டு உச்ச மன்று 1983இல், பியர்டன் எதிர் ஜோர்ஜியா என்ற வழக்கிலே ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டது. எழுதப் படிக்க வராத ஓர் ஆலைத் தொழிலாளி. தண்டமும் நட்டஈடுமாக 750 டொலர் செலுத்தும்படி நன்னடத்தை நிபந்தனை. பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டொலர் கட்டினான். பின்னர் வேலை போயிற்று, எஞ்சியதைக் கட்ட முடியவில்லை, சிறையிலிட்டார்கள். முயன்றும் முடியாதவனை, வேறு வழி உண்டா என்று ஆராயாமலே சிறைக்கு அனுப்புவது நீதியன்று என்று மன்று அக்கட்டளையைத் தள்ளிற்று. நன்னடத்தை நீக்கித் தண்டனை விதிக்கும் வேளையில் எதிரிக்குச் சட்டத்தரணி வேண்டும் என்று அதே மன்று 1967லேயே கூறியிருந்தது. அண்டை நாட்டிலோ, அருணாசலப் பிரதேசத்துச் சுக்தாஸ் என்பாரின் வழக்கில் 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. எதிரி கேட்கவில்லையே என்பது விடையாகாது. இலவசச் சட்ட உதவி உனக்கு உண்டென்று அவனுக்குச் சொல்ல வேண்டியது மன்றின் கடமை என்றது. தனக்கு உரிமை உண்டென்பதை அறியாதவன் அதனை எங்ஙனம் கேட்பான்?

அமெரிக்கத் தீர்ப்பும் இந்தியத் தீர்ப்பும் நம்மைக் கட்டா என்பார்கள். சரி, நம் வீட்டுச் சட்டத்தையே எடுப்போம். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றஞ் சாட்டப்பட்டவர் நேரிலோ சட்டத்தரணி வாயிலாகவோ கேட்கப்படும் உரிமையைத் தருகிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், நீதியின் நலன் வேண்டுமிடத்து வசதியற்றவருக்குக் கட்டணமின்றிச் சட்டத்தரணியை ஒதுக்கவும், மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பாளரைத் தரவும் சொல்கிறது. 1978இல் சட்ட உதவி ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும் ஓட்டை எங்கே? மேல் நீதிமன்றிலே எதிரிக்குச் சட்டத்தரணி இல்லையேல் அரசே ஒருவரை நியமிக்கும் முறை உண்டு. நீதவான் மன்றிலே அவ்வாறு தானாக நியமிக்கும் வழக்கம் இல்லை. ஆணைக்குழுவின் வாயிலைத் தேடிச் சென்று தட்டுபவனுக்கே திறக்கும். ஏழைகளின் வழக்கோ நீதவான் மன்றிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. மீறல் விசாரணையை ஒரு வழக்காகவே எண்ணாதவர் பலர். "தண்டனை ஏற்கெனவே தீர்ந்த விடயம், இது வெறும் நடைமுறை" என்கிறார்கள். மனிதன் ஆறு மாதம் உள்ளே போகிறான், அது நடைமுறையாம்!

இன்னொரு குரலும் கேட்கிறது, அதுவும் நம்மவர் குரல்தான். "மன்று ஒருமுறை கருணை காட்டியது, கருணையைத் துஷ்பிரயோகம் செய்தவனுக்கு வழக்கறிஞர் வேறா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். படித்தவர், பண்புடையவர். அவருக்கு நான் கூறியது இது: துஷ்பிரயோகம் செய்தானா இல்லையா என்பதுதானே விசாரணை? அதை விசாரியாமலே முடிவு கட்டிவிட்டு, முடிவையே விசாரணைக்குத் தடையாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? வேண்டுமென்றே ஏய்த்துத் திரிபவனும் இருக்கிறான், நான் கண்டிருக்கிறேன். அவனைச் சட்டத்தரணி காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். மற்றவனை அவனிடமிருந்து பிரித்துக் காட்டவே சட்டத்தரணி வேண்டும்.

கூண்டில் நிற்க வேண்டியவர் நாம்

மொழியைப் பற்றி ஆத்திரப்படுவது நமக்குக் கைவந்த கலை. 1956ஐ மறக்கவில்லை, 1961ஆம் ஆண்டு நீதிமன்ற மொழிச் சட்டத்தையும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் இன்றைய அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, மன்றின் மொழி விளங்காத தரப்பினருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999லேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. நன்னடத்தைக் கட்டளையின் தமிழ்ப் பிரதியொன்றை என் கட்சிக்காரனுக்குத் தருக என்று எத்தனை சட்டத்தரணிகள் மன்றிலே விண்ணப்பித்திருக்கிறோம்? கையை உயர்த்துக! என் கையும் கீழேதான் இருக்கிறது.

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் பாராளுமன்றில் வந்தபோது, மலையகத் தமிழனுக்காகத் தன் கட்சியையே பகைத்துக்கொண்டார் கிங்ஸ்கவுன்சில் செல்வநாயகம். 1949 டிசம்பரில் புதுக்கட்சி கண்டார். அதற்கும் முன்னர், 1940இல் மூலோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் இரையானபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவன் மனைவிக்காக எழுந்து நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. தமிழரல்லர், இடதுசாரி, கொழும்பில் கொடிகட்டிப் பறந்த வழக்கறிஞர். அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பிரிவெல்லாம் போய் எல்லாரும் சட்டத்தரணிகளாகிவிட்ட இக்காலத்தில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் தமிழ்ச் சட்டத்தரணிகள் ஏராளம். அரசியல் வழக்கு என்றால் பத்துப் பேர் கட்டணமின்றி முன்வருகிறோம். புகைப்படக்காரர் இருப்பார். ஹட்டன் மன்றிலே ஒரு திங்கட்கிழமை கொழுந்து பறிப்பவள் மகனுக்காக எழுவதைப் புகைப்படம் எடுக்க எவரும் வாரார்.

தொழிற்சங்கங்களை விட்டுவிடுவேனென்று எண்ணவேண்டாம். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சந்தா பிடிக்கப்படுகிறது. சம்பளப் பேச்சு, தொழில் நீதிமன்றம், ஊழியர் சேமலாப நிதி இவற்றுக்கெல்லாம் சங்கத்துக்கு ஆளுண்டு. குற்றவியல் மன்று என்றவுடன், "அது தனிப்பட்ட விடயம்" என்று தோட்டத் தலைவர் கைவிரிக்கிறார். அங்கத்தவன் சிறையிலிருக்கும் மாதத்துக்குச் சந்தா வராதே என்ற கணக்காவது சங்கத்துக்கு உறைக்க வேண்டாமா? மாகாணத்தைப் பற்றி ஒரே வரி போதும்: 13ஆம் திருத்தத்தின்படி நன்னடத்தை மாகாண சபையின் அதிகாரத்துள் உள்ளது. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது; அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றிக் கிடந்தது; தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எத்தனை பேர், எந்த நாளில் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று கேட்க அச்சபையில் நம் உறுப்பினர் ஒருவரும் இல்லாத காலம் அது.

வன்னியிலே கமம் செய்யும் அன்பர்களே, இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத மலைநாட்டுச் செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1958, 1977, 1983 ஆகிய கலவரங்களில் அடிபட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்கள் உங்கள் வயலோரத்தில் வாழ்கின்றன. உங்கள் நாற்றை அவர்களே நட்டார்கள். ஹட்டனில் பிறப்பிக்கப்பட்ட பிடியாணை வவுனியாவில் வேலை செய்பவனையும் தேடும். உங்களிடம் கூலிக்கு வந்த பையன் ஒருவன் மாதத்தில் ஒரு நாள் ஊருக்குப் போகவேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், ஏன் என்று அன்போடு விசாரியுங்கள். அவன் வேலை செய்கிறான் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அக்கடிதம் ஒன்றே சில வேளைகளில் ஒரு மனிதனைக் காப்பாற்றும். நான் மேலே சொன்ன இளைஞனின் கடைமுதலாளி முன்பே எழுதியிருந்தால் மேல் நீதிமன்றுவரை போயிருக்க வேண்டியதில்லை.

வைத்தியர்க்கும் ஆசிரியர்க்கும் வேலை உண்டு. தாய் ஆஸ்பத்திரியில் இருந்த நாளுக்கு ஒரு சான்று. தோட்டப் பாடசாலை அதிபரின் இரு வரி. கட்டளையின் நிபந்தனையை மாற்றியமைக்கும்படி மன்றை வேண்டலாம். தோன்றும் நாளை மாற்றலாம். வேறு மாவட்டத்து உத்தியோகத்தருக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். இவை யாவும் தவணை தவறுவதற்கு முன்னர் கேட்டால் எளிது. பிடியாணை வந்தபின் கேட்டால் அரிது. ஆகவே மன்றுக்கு வெளியேதான் பாதி வேலை இருக்கிறது.

சட்டத்தரணி நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறிது. ஆளுக்கு ஆண்டில் நான்கு நாள். நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ வாருங்கள். பதின்மூன்று பேர் சேர்ந்தால் ஆண்டின் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒருவர் ஆவோம். நன்னடத்தை மீறல், சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை மீறல், ஒத்திவைத்த தண்டனை, கட்டாத தண்டம் ஆகிய நான்கு வகை வழக்குகளில் எவன் ஆளின்றி நிற்கிறானோ, அவனுக்காக எழுந்து, "கனம் நீதவான் அவர்களே, ஏன் என்று கேட்க அனுமதி வேண்டுகிறேன்" என்று சொன்னாற் போதும். மலையகத்திலே ஏற்கெனவே தனித்து நின்று இதைச் செய்துவரும் இளஞ் சட்டத்தரணிகள் சிலர் உளர். அவர்கள் சுமை குறையும். நான் என் நான்கு நாளைக் கொடுத்துவிட்டேன். பன்னிருவர் வேண்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கு: உங்கள்மீதோ உங்கள் பிள்ளைமீதோ இத்தகைய கட்டளை இருக்குமாயின், வழக்கிலக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சாமிப்படத்தின் பின்னால் வையுங்கள். தவணைக்குப் போக முடியாவிட்டால், போக முடியாத காரணத்துக்குச் சான்றாக எது கிடைக்கிறதோ, மருந்துச் சீட்டோ, செக்ரோல் பிரதியோ, கிராம உத்தியோகத்தரின் கடிதமோ, அதை எடுத்து வையுங்கள். புதிய வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் பழைய தாளைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். தரகனிடம் காட்டாதீர்கள். மன்றிலே உரைபெயர்ப்பாளர் சொல்வது விளங்காவிட்டால், "விளங்கலைங்கய்யா" என்று உரக்கச் சொல்லுங்கள்.